தேடிக்கொண்டதா, நேர்ந்ததா?

தீபாவளிக்கு முதல்நாள் என் சித்தி அதிரசம் சுட்டு முடித்துவிட்டு எண்ணெய்ச் சட்டியை இறக்கினார். காதைப் பிடித்திருந்த கரித்துணி நழுவியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொதியெண்ணெய். மருத்துவமனையில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். "சட்டிய இறக்கையில கையில கவுத்துக்கிட்டேன்" என்றார். கேட்டவர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். நோயாளி தன் கையில் தானே சூடான எண்ணெயை ஊற்றிக்கொண்டார் என்று பொருள்படும் ஒரு வாக்கியம். அவர் தப்பாகக் கேட்கவில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. தமிழில் செய்தவரும் அவரே, பட்டவரும் அவரே. ஆகவே ஆங்கிலத்திலும் அப்படியே எழுதிவிட்டார்.

சில வாரம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. வேண்டுமென்றே தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்ட காயத்துக்குப் பாலிசியில் இழப்பீடு கிடையாது, விளக்கம் தேவை என்றது. விளக்கக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். "எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து கையில் கொதியெண்ணெய் கொட்டிவிட்டது" என்று எழுதிச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "சட்டி தானாவாடா கவுந்துச்சு? நாந்தானே கவுத்துக்கிட்டேன்" என்றார்.

இந்த அத்தியாயத்துக்கு அந்த ஒரு வாக்கியம்தான் அடிப்படை. சித்தி பொய் சொல்லவில்லை, தன்னைக் குற்றவாளியாகவும் காட்டவில்லை. தன் கையால் நடந்தது, தான் நினைத்து நடக்கவில்லை, பலன் தன் மேலேயே விழுந்தது. இந்த மூன்றையும் "கவுத்துக்கிட்டேன்" என்ற ஒரே வினையில் சொல்லிவிட்டார். இதை இவ்வளவு சிறிதாகச் சொல்ல ஆங்கிலத்தில் வழி இல்லை. நாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறோம்.

ஆங்கிலத்தில் இந்தப் பொருளுக்கு நெருங்கி வரும் வினை 'இன்கர்'. சட்டம், கணக்கு, செய்தி மூன்றிலும் நாள்தோறும் கண்ணில் படும் சொல். லத்தீனில் 'ஓடு' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. மேலே ஓடிப்போய் மோதுவது என்பது மூலப்பொருள். நாம் வீட்டில் சொல்லும் கரண்ட், கூரியர், கோர்ஸ் எல்லாம் அதே வேரில் வந்த உறவுகள்தான். ஒருவர் ஓடினார், ஒன்றின் மேல் முட்டினார். அது என்ன என்று சொல் சொல்லாது. செலவாக இருக்கலாம், கடனாக, அபராதமாக, இழப்பாக இருக்கலாம்; மேலதிகாரியின் கோபமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் நல்லது வராது. பரிசையோ பாராட்டையோ யாரும் 'இன்கர்' செய்வதில்லை. அதற்கு மேல் அந்தச் சொல் எதையும் தீர்மானிக்காது. வேண்டுமென்றே செய்தாரா, அசட்டையில் வந்ததா, பிறர் தலையில் கட்டினார்களா என்பதையெல்லாம் வாசகரிடம் விட்டுவிடும்.

தமிழ் அப்படி விடாது. தமிழில் வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். "கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார்" என்றால் அவர் பேரில் குறை இருக்கிறது. "கோபத்துக்கு ஆளானார்" என்றால் குறை யார் பேரில் என்பது திறந்தே இருக்கிறது. "அவர்மேல் கோபம் திரும்பியது" என்றால் அவர் சும்மா நின்றுகொண்டிருந்திருக்கவும் கூடும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை வந்திருக்கலாம். ஆகவே அகராதியைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கை நீட்டியது யார்?

இதற்கு நடுவில் நிற்பது 'கொள்' என்னும் துணைவினை. தனி வினையாக அது எடுத்தல், வாங்குதல், உள்ளடக்குதல் என்ற பொருள்களைத் தரும். கொள்முதல், கொள்ளளவு, கொள்வினை கொடுப்பினை எல்லாம் அதிலிருந்து வந்தவை. இன்னொரு வினையோடு ஒட்டும்போது அந்த 'எடுத்தல்' மறையாமல், செயலின் பலனைச் செய்தவர் பக்கமே திருப்பிவிடுகிறது. "கையை வெட்டினான்" என்றால் வேறு யாருடைய கையோ. "கையை வெட்டிக்கொண்டான்" என்றால் தன் கை. "கண்ணாடியை உடைத்தான்" என்றால் எந்தக் கண்ணாடியாகவும் இருக்கலாம். "கண்ணாடியை உடைத்துக்கொண்டான்" என்றதும் அவன் மூக்கின் மேல் இருந்த கண்ணாடி, புதிதாக வாங்க அவன்தான் செலவழிக்க வேண்டும் என்பதுவரை வந்துவிடுகிறது. 'தன்' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

முக்கியமான செய்தி இது: 'கொள்' பலனைத் திருப்புமே தவிர நோக்கத்தைச் சொல்லாது. "காலை உடைத்துக்கொண்டான்" என்று கேட்ட எந்தத் தமிழரும் அவன் சுத்தியல் எடுத்து அடித்துக்கொண்டதாக நினைப்பதில்லை. சைக்கிளிலிருந்து விழுந்திருப்பான், படியில் தவறியிருப்பான். நோக்கம் உண்டு என்று சொல்ல வேண்டுமானால் தமிழ் வேறு சொல் கேட்கும்: "வேண்டுமென்றே", "தெரிந்தே", அல்லது "தன்னைத்தானே". "காயப்படுத்திக்கொண்டார்" என்பதற்கும் "தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார்" என்பதற்கும் இடையே காவல் நிலையத்தில் வேறு வேறு படிவம் நிரப்பும் அளவுக்கு வித்தியாசம் உண்டு. 'கொள்' இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் 'தனக்குத்தானே' என்னும் சொல்லைப் போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறார்கள். சித்திக்கு நடந்தது அதுதான்.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992) துணைவினைகளைத் தனியாக எடுத்து, உதாரண வாக்கியங்களோடு பொருள் சொல்கிறது. 'கொள்', 'விடு', 'போ', 'வை' ஆகிய நான்கையும் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்வதைவிட அது அதிகம் உதவும்.

இனி, எதை எதோடு சேர்ப்பது என்று பார்ப்போம். இதில் விதியைவிடப் பழக்கம்தான் பெரிது.

'தேடிக்கொள்' என்பதற்குப் பழி, கெட்ட பெயர், வினை, நாசம், முடிவு ஆகியவை இயல்பாகச் சேரும். புண்ணியமும் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது. "புண்ணியத்தைத் தேடிக்கொள்" என்று பாட்டிமார் சொல்வார்கள். அதாவது 'தேடிக்கொள்' தானாகக் கெட்ட சொல் இல்லை. தேடுவது என்பதில் முயற்சி இருக்கிறது, அந்த முயற்சிக்குத் தகுந்த பலன் வந்தது என்ற பொருளும் இருக்கிறது. இதனால்தான் அது பழியோடு சேரும்போது அவ்வளவு கடுமையாக ஒலிக்கிறது. ஓடி ஓடித் தேடினாய், கிடைத்தது.

'சம்பாதி' அதற்கு அடுத்த படி. பகை, வெறுப்பு, அவப்பெயர் ஆகியவற்றோடு வரும். நல்ல பெயரையும் சம்பாதிக்கலாம். இது ஒரே நாளில் நடப்பதில்லை. சம்பளம் போல மாதாமாதம் சேர்ந்தது. ஊரில் பத்து வருடம் வட்டிக்கு விட்டு எல்லோருடைய வெறுப்பையும் சம்பாதித்தவருக்கு இந்தச் சொல் பொருந்தும். ஒரு மேடையில் ஒரே ஒரு வார்த்தை தவறிப் பேசியவருக்குப் பொருந்தாது. அவருக்கு 'வாங்கிக் கட்டிக்கொள்' இருக்கிறது. திட்டு, அடி, வசை ஆகியவற்றுக்கு அதுதான் சொல். "வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்" என்றால் காட்சியே தெரிகிறது: பேச வேண்டாத இடத்தில் பேசினார், எதிராளி விடவில்லை, மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். இது பேச்சுவழக்கின் சொல். தலையங்கத்தில் வரலாம், தீர்ப்பின் மொழிபெயர்ப்பில் வரக் கூடாது.

'வரவழைத்துக்கொள்' கொஞ்சம் நிதானமானது. ஆபத்து, நோய், தொல்லை ஆகியவற்றோடு சேரும். உடல்நலக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது எனக்கு வருத்தமான விஷயம். "சர்க்கரை நோயை வரவழைத்துக்கொள்கிறோம்" என்று எழுதும்போது, பரம்பரையாக நோய் வந்தவரும், அரிசியைத் தவிர வேறொன்றும் வாங்க வழியில்லாதவரும் அந்த வாக்கியத்துக்குள் குற்றவாளிகளாக வந்து நிற்கிறார்கள். "சர்க்கரை நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு கூடுகிறது" என்று எழுதினால் சொல்ல வந்தது ஒன்றும் குறைந்துவிடாது. படிக்கிறவர் தலைகுனியாமல் மருத்துவரிடம் போவார்.

'மாட்டிக்கொள்', 'சிக்கிக்கொள்' இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றில்லை. மழையில், நெரிசலில், வெள்ளத்தில் சிக்கிக்கொள்கிறோம். பிடிபடுவது, அகப்படுவது என்றால் மாட்டிக்கொள்வது. அதில் மறைத்த ஒன்று வெளிப்பட்ட வாடை இருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டேன் என்றும் சொல்கிறோம்தான். ஆனால் "வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட மக்கள்" என்பதைவிடச் "சிக்கிக்கொண்ட மக்கள்" என்பதே என் காதுக்கு நேர்மையாகப் படுகிறது. "சிக்கிய மக்கள்" என்று 'கொள்' இல்லாமல் எழுதினால் இன்னும் நல்லது.

பழமொழிகளும் மரபுத்தொடர்களும் இந்தப் பொருளில் குவிந்து கிடக்கின்றன. வம்பை விலைக்கு வாங்குவது, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது, வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொள்வது. ஒவ்வொன்றிலும் 'கொள்' ஒளிந்தோ வெளிப்படையாகவோ இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு அசட்டுத்தனம். ஓணான் கதையில் ஒருவன் தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றில் தலையிடுகிறான். மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவன் தன் பிழைப்பையே கெடுத்துக்கொள்கிறான். கையைச் சுட்டுக்கொண்டவனோ துணிந்து முதல் போட்டவன், அவன்மேல் நமக்குக் கொஞ்சம் பரிவுகூட உண்டு. பங்குச்சந்தையில் சேமிப்பை இழந்த ஓய்வூதியக்காரரைப் பற்றி எழுதும்போது கையைச் சுட்டுக்கொண்டார் என்று எழுதலாம். ஓணானை அவர் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

'கொள்' எப்போதும் இழப்பு இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி: "எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள்." இது பாராட்டு. சுமை அவள் மேல்தான் வந்தது, அவளாகத்தான் இழுத்தாள், ஆனாலும் பழி இல்லை. மொழிபெயர்க்கும்போது தண்டனை, தொல்லை என்ற திசையிலேயே யோசித்துக்கொண்டிருந்தால் இத்தகைய வாக்கியம் கையை விட்டுப் போய்விடும்.

இப்போது மறுபக்கம். பலன் ஒருவர் மேல் வந்தது, ஆனால் அவர் கை நீட்டவில்லை என்றால் என்ன செய்வது? அதற்குத் தமிழில் ஆளாகு, உள்ளாகு, இலக்காகு, நேர், நேரிடு, ஏற்படு, படு என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. தாக்குதலுக்கு உள்ளானார், கேலிக்கு இலக்கானார், விபத்து நேர்ந்தது, இழப்பு ஏற்பட்டது. இவற்றில் ஆளாகு மட்டும் நடுவில் நிற்கும். குறை உள்ளவருக்கும் வரும், இல்லாதவருக்கும் வரும். சந்தேகம் இருந்தால் ஆளாகு போடுங்கள். நீங்கள் தெரியாமல் தீர்ப்பு எழுதுவதிலிருந்து அது காப்பாற்றும்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'பறிகொடு'. "செயினைப் பறிகொடுத்த பெண்", "மகனைப் பறிகொடுத்த தாய்." இலக்கணப்படி பார்த்தால் செய்கிறவர் அவர்தான், கொடுப்பது அவர். ஆனால் பறித்தது வேறு யாரோ. அந்த வேறு யாரோ வாக்கியத்தில் பெயர் சொல்லப்படாமலேயே நிற்கிறார். இழந்தவரை வாக்கியத்தின் நடுவில் வைத்து, பழியை அவர் மேல் போடாமல் இருப்பதற்குத் தமிழ் கண்டுபிடித்த வழி இது. செய்தி எழுதுகிறவர்கள் இதை இழந்துவிடக் கூடாது.

செய்தி என்றதும், வினைத் தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது தொழிலாளர் இறந்த செய்தி வரும். "தொட்டிக்குள் இறங்கிய மூவர் விஷவாயு தாக்கி உயிரிழந்தனர்" என்பது வழக்கமான வாக்கியம். தகவல் சரி. ஆனால் 'இறங்கிய' என்ற ஒரு சொல்லில் கை நீட்டியவர் மாறிவிடுகிறார். தாமாக இறங்கினார்கள், பலனை அடைந்தார்கள் என்று கேட்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கி ஆபத்தான துப்புரவு வேலையைச் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. குற்றம் இறக்கியவருடையது, இறங்கியவருடையது இல்லை. "தொட்டிக்குள் இறக்கப்பட்ட மூவர்" என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக எழும்: இறக்கியது யார்? அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் இன்னும் நேராக எழுதலாம்: "வீட்டு உரிமையாளர் கூலி பேசித் தொட்டிக்குள் இறக்கிய மூவர்." விடை தெரியாவிட்டாலும் 'இறக்கப்பட்ட' என்பதில் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கும். "பாதுகாப்புக் கவசம் அணியாமல் இறங்கி உயிரைப் பறிகொடுத்தனர்" என்று ஒரு பிழைதிருத்தத்தில் பார்த்தேன். பறிகொடு சரியான சொல்தான், ஆனால் முன்னால் வந்த 'அணியாமல்' அதன் நியாயத்தைக் கெடுத்துவிட்டது. 'கவசம் கொடுக்கப்படாமல்' என்று மாற்றினோம்.

பணத்துக்கு வருவோம். இங்கே விதி எளிது: செலவுக்குக் 'கொள்' வேண்டாம்.

ஆங்கிலத்தில் செலவையும் 'இன்கர்' செய்வார்கள். அதில் பழி எதுவும் இல்லை. செலவு ஏற்பட்டது, அவ்வளவுதான். அதைத் தமிழில் "செலவை வரவழைத்துக்கொண்டது" என்று எழுதினால் நிறுவனம் ஏதோ ஊதாரித்தனம் செய்துவிட்டதாகத் தொனிக்கும். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ 'இன்கர்' செய்த அல்லது செய்ய அனுமதித்த செலவுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது. தமிழில் "செய்த செலவு" போதும். 'மேற்கொண்ட செலவு' என்று அலுவலகத் தமிழில் எழுதுவதும் தவறில்லை. ஆனால் வீட்டில் யாரும் செலவை மேற்கொள்வதில்லை, செய்கிறார்கள். வாக்காளருக்கான கையேட்டில் 'செய்த செலவு' என்றே எழுதுங்கள்.

கணக்கியலில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே செலவு ஏற்படுவது வேறு, பணம் கொடுப்பது வேறு. மார்ச் மாதம் முழுவதும் ஒருவர் கடையில் வேலை செய்தார். சம்பளம் ஏப்ரல் 5-ஆம் தேதி கைக்குப் போகிறது. செலவு மார்ச் மாதத்தினுடையது. மார்ச் 31-ஆம் தேதி கணக்கை முடிக்கும்போது அது கொடுபட வேண்டிய செலவு என்று வரும். மேல்நிலை வகுப்புப் பாடநூல் படித்தவர்களுக்கு இந்தத் தொடர் பழக்கம். 'இன்கர்' இங்கே 'செய்த' என்று வந்தால் வாசகர் பணம் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துவிடுவார். 'ஏற்பட்ட' என்பதே பாதுகாப்பான சொல். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 43(2) பிரிவில் 'செலுத்திய' என்ற சொல்லுக்கே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது: நிறுவனம் பின்பற்றும் கணக்கு முறையைப் பொறுத்து, உண்மையில் செலுத்தியதும் ஏற்பட்டதும் இரண்டுமே அதில் அடங்கும் என்று. சட்டம் எழுதியவர்களே இவ்வளவு கவனம் எடுத்திருக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

கடனுக்குத் தமிழில் இரண்டு பழைய வழி இருக்கிறது. கடன் வாங்கினார், கடன்பட்டார். முன்னது வங்கியில் கையெழுத்துப் போட்டது. பின்னதில் கடன் ஒரு நிலை. பட்ட காயம்போல உடம்பில் இருப்பது. மகள் கல்யாணத்துக்கு, மருத்துவச் செலவுக்குக் கடன்பட்ட விவசாயியைப் பற்றி எழுதும்போது 'கடனை ஏற்படுத்திக்கொண்டார்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்தத் தொடர் தமிழ் போலவே இருக்கிறது, தமிழ் இல்லை. 'கடன்பட்டார்' என்று ஒற்றைச் சொல் நூற்றாண்டுகளாகக் காத்துக்கொண்டிருக்கிறது.

தண்டனை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்ட மொழிபெயர்ப்பில் இது அடிக்கடி தடுக்கும். 'விதிக்கப்படும்' என்றால் யாரோ ஒருவர் விசாரித்து, தீர்மானித்து, விதிக்க வேண்டும். 'ஆளாவார்' என்றால் செயலோடு சேர்ந்தே பலன் வந்துவிடலாம். இந்த வித்தியாசத்தை மிகத் துல்லியமாகப் பிரித்து வைத்திருப்பது கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பு. அதில் பொதுவாகத் தண்டனை என்பது விதிக்கப்பட்ட பிறகே கட்டுப்படுத்தும். சில குற்றங்களுக்கு மட்டும், குற்றம் செய்த அந்தக் கணமே, யாரும் தீர்ப்புச் சொல்லாமலேயே தண்டனை வந்துவிடும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நேரடியாக வெளியிடும் குருவானவர் அத்தகையவர். ஆங்கிலப் பெயர்ப்பில் இங்கேதான் 'இன்கர்' வருகிறது. தமிழில் "சபைநீக்கம் செய்யப்படுகிறார்" என்று எழுதினால் தவறு, செய்கிறவர் யாரும் அங்கே இல்லை. "வெளியிட்ட அக்கணமே சபைநீக்கத்துக்கு ஆளாகிறார்" என்பது சரி. பதவியிழப்பு, தகுதியிழப்பு, தாமதக் கட்டணம் ஆகிய எல்லாவற்றிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: தனியாக ஓர் உத்தரவு வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் விதிக்கப்படும். வேண்டாமென்றால் ஆளாவார், அல்லது இன்னும் எளிதாக, "இழப்பார்", "கட்ட வேண்டிவரும்."

எழுத்தில் சில சின்ன விஷயங்கள். துணைவினையாக வரும் 'கொள்' முன்வினையோடு ஒட்டியே வர வேண்டும். 'மாட்டிக் கொண்டான்' என்று பிரித்தால் கண் தடுக்கும். முன்னால் வரும் ககர ஒற்றை விடக் கூடாது. ளகரம் தவறி 'மாட்டிக்கொல்வாய்' என்று அச்சில் வருவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். கொல்லுக்கும் கொள்ளுக்கும் உள்ள தூரத்தை நினைத்தாவது அதைத் திருத்திவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குழி 'கொண்டிரு'. நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லவும் இதே வடிவம்தான், தன்மேல் வந்த பலனைச் சொல்லவும் இதே வடிவம்தான். "அமைச்சர் பழியைத் தேடிக்கொண்டிருக்கிறார்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பழி ஏற்கெனவே வந்துவிட்டதா, அவர் இன்னும் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறாரா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். வந்துவிட்டது என்றால் "தேடிக்கொண்டுவிட்டார்" என்று 'விடு' சேர்த்து முடியுங்கள். இன்னும் போகிறார் என்றால் வாக்கியத்தையே திருப்புங்கள்: "இப்படியே போனால் பழியைத் தேடிக்கொள்வார்." 'தேடிக்கொண்டு கொண்டிருக்கிறார்' என்று இரண்டையும் அடுக்க யாராவது முயன்றால் தடுத்துவிடுங்கள்.

உரையாடல் எழுதும்போது ஊர் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் "மாட்டிக்கிட்டேன்", அக்ரகாரத்துப் பேச்சில் "மாட்டிண்டுட்டேன்", யாழ்ப்பாணத்தில் "மாட்டுப்பட்டுட்டன்". யாழ்ப்பாண வடிவத்தில் 'கொள்' இல்லை, 'படு' இருப்பதைப் பாருங்கள். ஈழத்துப் பாத்திரம் ஒன்றைச் சென்னைக்காரர் எழுதும்போது முதலில் பிடிபடும் இடங்களில் இதுவும் ஒன்று. அதைத் திருத்துகிறேன் என்று ஒரு பிழைதிருத்துநர் 'மாட்டிக்கொண்டேன்' ஆக்கினால் அந்த மனிதர் ஊரே மாறிவிடுவார்.

வாக்குமூலம், புகார், மருத்துவக் குறிப்பு, காப்பீட்டுப் படிவம் ஆகியவற்றைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சொன்னவருடைய வாக்கியத்தை முதலில் தமிழிலேயே, அவர் சொன்னபடியே, ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். அதில் 'கொள்', 'க்கிட்டேன்', 'ண்டேன்' ஏதாவது இருந்தால் அப்படியே ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள். இன்னொரு கேள்வி கேளுங்கள்: "அதுக்கு முந்தி என்ன ஆச்சு?" சித்தியிடம் அப்படிக் கேட்டிருந்தால், "துணி நழுவிடுச்சு" என்று சொல்லியிருப்பார். கரித்துணி நழுவியது, சட்டி கவிழ்ந்தது, எண்ணெய் கொட்டியது என்று மூன்று சிறிய ஆங்கில வாக்கியங்களாக எழுதியிருக்கலாம். எழுத அரை நிமிடம் ஆகும். விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதி, பணம் கைக்கு வந்துசேர, எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று.